மணிலாவில் படிக்கப் போகிறீர்களா? முதலில் நிறங்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

பிலிப்பைன்ஸுக்குப் படிக்கப் போகிற நம் பிள்ளைகளுக்கு விசா, ஃபீஸ், ஹாஸ்டல் சாப்பாடு பற்றியெல்லாம் சொல்ல ஏஜென்ட் இருக்கிறார், சீனியர் இருக்கிறார், வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஆனால் போய் இறங்கிய இரண்டாவது வாரம், கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருக்கிறவன் "நீ நீலமா, பச்சையா?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நான் "எனக்கு இரண்டுமே பிடிக்கும்" என்றேன். மேசையில் இருந்த ஆறு பேரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அந்த மேசையில் நீங்கள் திருதிருவென்று விழிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வழிகாட்டி. மருத்துவத்துக்காக டாவோ, செபு பக்கம் போகிறவர்களுக்கும் இது உதவும். நாடு முழுக்க டிவியில் ஓடுவது மணிலா கல்லூரிகளின் சண்டைதான்.

முதல் வேலை: நான்கு பெயர்கள்

அங்கே பல்கலைக்கழகத்தையும் 'ஸ்கூல்' என்றுதான் சொல்வார்கள். "உன் ஸ்கூல் எது?" என்று கேட்டால் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பள்ளியின் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். நம் ஊரில் பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் "தம்பிக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பிப்பாரே, அந்த இடத்தில் அங்கே இருப்பது இந்தக் கேள்விதான். பதிலை வைத்து உங்களைப் பற்றி ஒரு கணக்குப் போட்டுவிடுவார்கள்.

பெரிய நான்கு என்று அவர்கள் சொல்வது இவை. யு.பி., அதாவது பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம், 1908ல் தொடங்கிய அரசுப் பல்கலைக்கழகம். அதன் முதன்மை வளாகம் கேசோன் சிட்டியில் டிலிமானில் இருக்கிறது. அத்தெனியோ டி மணிலா, 1859ல் இயேசு சபையினர் தொடங்கியது; யு.பி.க்குப் பக்கத்திலேயே, காத்திபூனன் அவென்யுவில். டெ லா சால், 1911ல் லா சால் சகோதரர்கள் தொடங்கியது. மணிலாவில் டாஃப்ட் அவென்யுவில். நான்காவது யு.எஸ்.டி., சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம். டொமினிக்கன் துறவிகள் 1611ல் தொடங்கியது. இன்றும் இயங்கிக்கொண்டிருக்கும் பல்கலைக்கழகங்களில் ஆசியாவிலேயே பழையது என்று அந்த மாணவர்கள் நாளைக்கு மூன்று முறையாவது உங்களுக்கு நினைவூட்டுவார்கள். நாட்டின் தேசிய வீரர் ஹொசே ரிசால் முதலில் அத்தெனியோவிலும் பிறகு யு.எஸ்.டி.யிலும் படித்தவர், ஆகவே இரண்டு பேருமே அவரை "நம்ம பையன்" என்பார்கள். அந்த வழக்கில் நீங்கள் சாட்சி சொல்லப் போக வேண்டாம்.

யு.எஸ்.டி. இருக்கிற பேட்டையின் பெயர் சம்பாலோக். தகாலோக் மொழியில் அதற்குப் புளி என்று அர்த்தம். புளி போட்டுச் செய்கிற சினிகாங் என்ற சூப்பையும் அங்கேயே கேட்டு வாங்கிக் குடியுங்கள். ரசத்துக்கு ஏங்குகிற நாக்குக்கு அது ஓரளவு ஆறுதல்.

இரண்டாவது: சட்டை வாங்குவதற்கு முன்

கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம் யு.ஏ.ஏ.பி. 1938ல் தொடங்கியது, இப்போது எட்டு உறுப்பினர்கள். அத்தெனியோ நீலம், கழுகு. லா சால் பச்சை, வில்லாளி. யு.பி. மெரூன், கூடவே கொஞ்சம் பச்சை. யு.எஸ்.டி. மஞ்சள், புலி. யு.இ. (யுனிவர்சிட்டி ஆஃப் தி ஈஸ்ட்) சிவப்பு. எஃப்.இ.யு. (ஃபார் ஈஸ்டர்ன் யுனிவர்சிட்டி) பச்சையும் தங்கமும், அதன் சின்னம் தமராவ் என்ற, மிந்தோரோ தீவில் மட்டும் வாழும் குட்டை எருமை. ஆடம்சன் நீலம், பருந்து. நேஷனல் யுனிவர்சிட்டி நீலமும் தங்கமும், புல்டாக்.

இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். நீலச் சட்டைக்காரர்கள் எல்லாரும் அத்தெனியோ இல்லை, மூன்று நீலம் இருக்கிறது. பச்சையும் அப்படித்தான். கோஷத்திலும் கண்ணி உண்டு. "அனிமோ!" என்று கத்தினால் லா சால் என்று நினைப்பீர்கள், ஆனால் சான் பேடா கல்லூரிக்காரர்களும் "அனிமோ" என்றுதான் கத்துவார்கள். சான் பேடா இருப்பது வேறு சங்கத்தில், 1924ல் தொடங்கிய என்.சி.ஏ.ஏ.வில். அங்கே அவர்களுக்குப் பரம எதிரி லெட்ரான், லெட்ரானின் கோஷம் "அரிபா!".

அத்தெனியோவும் லா சாலும்கூட முன்னே அந்த என்.சி.ஏ.ஏ.வில்தான் இருந்தன. கூடைப்பந்து ஆட்டங்களில் அடிதடி அளவு மீறிப்போன காலத்தில் 1978ல் அத்தெனியோ வெளியேறி யு.ஏ.ஏ.பி.க்கு வந்தது. லா சாலும் அந்தச் சங்கத்தைவிட்டு விலகி, 1986ல் இங்கே வந்து சேர்ந்துகொண்டது. சண்டை தாங்காமல் வீடு மாறினவர்கள் மறுபடி ஒரே தெருவுக்குக் குடிவந்தது போல. சண்டை அதே வேகத்தில் தொடர்ந்தது.

இந்த இருவர் பகையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளியில் இருந்து பார்த்தால் ஜென்மப் பகை மாதிரி தெரியும். உள்ளே போனால் அண்ணன் அத்தெனியோ, தங்கை லா சால், இரண்டு பேருக்கும் ஃபீஸ் கட்டுகிற அப்பா ஒருவரே. இரண்டுமே கத்தோலிக்க, இரண்டுமே செலவு பிடிக்கிற ஸ்கூல்கள். பங்காளிச் சண்டை என்று எடுத்துக்கொண்டால் சரியாகப் புரியும்.

மூன்றாவது: ஓர் ஆட்டத்துக்காவது நேரில் போங்கள்

கிரிக்கெட்டை மறந்துவிடுங்கள். இங்கே கூடைப்பந்துதான் மதம். ஆண்கள் கூடைப்பந்து செப்டம்பர் வாக்கில் தொடங்கி டிசம்பர் வரை ஓடும். எட்டு அணிகளும் ஒன்றோடு ஒன்று இரண்டு முறை மோதும், ஆளுக்குப் பதினான்கு ஆட்டம். முதல் நான்கு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும். அதில் முதல் இரண்டு இடத்துக்காரர்களுக்கு ஒரு சலுகை: அவர்களை வீட்டுக்கு அனுப்ப எதிரணி இரண்டு தடவை ஜெயிக்க வேண்டும். இறுதிப் போட்டி மூன்றில் இரண்டு. இவ்வளவு தெரிந்தால் போதும், மிச்சத்தைப் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொண்டே வருவார், நிறுத்த முடியாது.

டிக்கெட்டை எப்படியாவது முன்கூட்டியே பிடியுங்கள். அத்தெனியோ–லா சால் ஆட்டம் என்றால் கடைசி நேரத்தில் கிடைக்காது. ஸ்கூல்களுக்கு ஒதுக்கீடு உண்டு, அங்கே படிக்கிற நண்பன் ஒருவன் இருந்தால் வேலை சுலபம். மாணவர்கள் பெரும்பாலும் மேலே 'ஜென் ஆட்' என்கிற மலிவு வரிசையில் இருப்பார்கள். கொஞ்சம் தள்ளித்தான், ஆனால் முரசுச் சத்தம் நெஞ்சுக்கூட்டில் அடிப்பது அங்கேதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நண்பன் டிக்கெட் கொடுத்தான், குபாவில் இருக்கிற அரனெட்டா கொலிசியத்துக்குப் போனேன். முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் 1975ல் மோதிய அதே அரங்கம். கையில் கிடைத்த டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன்; அது பச்சை. சீட் நம்பரைத் தேடி உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், சுற்றிலும் நீலம். முன்வரிசைப் பையன் திரும்பிப் பார்த்தான், அவன் பக்கத்தில் இருந்தவனை இடித்தான், அவனும் திரும்பிப் பார்த்தான். பின்னால் இருந்து ஒரு கை என் தோளைத் தட்டியது. ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா. தான் போட்டிருந்த நீல ஜாக்கெட்டைக் கழற்றி நீட்டி, "அனாக், இதைப் போட்டுக்கொள்" என்றார். அனாக் என்றால் பிள்ளை, மகன். ஏ.சி. குளிரில் அவர் இரண்டு மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி ஆட்டத்துக்குள் "ஒன் பிக் ஃபைட்!" என்று அவரைவிடச் சத்தமாக நான் கத்திக்கொண்டிருந்தேன்.

ஆக, புதிதாகப் போகும்போது வெள்ளையோ கறுப்போ போட்டுக்கொண்டு போங்கள். எந்தப் பக்கம் உட்காருகிறோம் என்று தெரிந்த பிறகு நிறத்தை முடிவு செய்யலாம். ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடிவிடாதீர்கள். இரண்டு ஸ்கூல் பாட்டும் பாடப்படும், ஜெயித்தவரும் தோற்றவரும் நின்றபடி இருப்பார்கள். யு.பி.க்காரர்கள் முஷ்டியை உயர்த்திப் பாடுவார்கள். எதிர் அணியின் பாட்டு ஓடும்போது நடந்து வெளியே போவது அங்கே அநாகரிகம். அதுவரை வாய் கிழியத் திட்டிக்கொண்டிருந்தவர்களும் அந்த நேரத்தில் சும்மா இருப்பார்கள்.

கூடைப்பந்து மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1994 முதல் நடக்கிற சியர்டான்ஸ் போட்டிக்கும் அரங்கம் நிரம்பும். ஆளை ஆள் தூக்கி எறிந்து பிடிக்கிற அந்த ஆறு நிமிஷத்துக்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறார்கள். கல்வியாண்டின் பிற்பாதியில் பெண்கள் வாலிபால் வரும். கூட்டத்தில் அது கூடைப்பந்துக்குக் கொஞ்சமும் இளைத்தது இல்லை. அத்தெனியோவில் ஆடிய அலிசா வால்டெஸ் பெயரை, ஜீப்னி என்கிற ஷேர் வண்டியின் ஓட்டுநரிடம் சொன்னாலும் தெரியும்.

தோற்பவர்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

சாம்பியன் ஆன ஸ்கூல் வளாகத்தில் பெரிய சொக்கப்பனை மாதிரி தீ மூட்டிக் கொண்டாடும். பான்ஃபயர் என்பார்கள். யு.பி. 1986ல் கூடைப்பந்துக் கோப்பையை வென்றது. அப்புறம் வறட்சி. 2007ல் பதினான்கு ஆட்டத்தில் பதினான்கும் தோல்வி. பின்னால் தொடர்ந்து 27 ஆட்டம் தோற்று, 2014ல் ஆடம்சனை ஒரே ஒரு ஆட்டத்தில் வென்றார்கள். கோப்பை இல்லை, அரையிறுதி இல்லை, ஒரு ஆட்டம். அதற்கே பான்ஃபயர் மூட்டிவிட்டார்கள்! ஊரே சிரித்தது, அவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். கடைசியில் 2022 மே மாதம், தொடர்ந்து மூன்று கோப்பை வென்றிருந்த அத்தெனியோவை மூன்றாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் வீழ்த்தி, 36 வருஷக் காத்திருப்பை முடித்தார்கள். இன்றைக்கும் யு.பி.க்காரன் ஒருவனோடு நெருங்க வேண்டுமா? 2022 பற்றிக் கேட்காதீர்கள், அதை எல்லாரும் கேட்பார்கள். 2014 பான்ஃபயர் பற்றிக் கேளுங்கள்.

பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் யு.பி.–அத்தெனியோ மோதலுக்குக் காத்திபூனன் யுத்தம் என்று பெயர். இரண்டு கூட்டமும் அதே சாலையின் கடைகளில்தான் சாப்பிட்டாக வேண்டும்.

நான்காவது: மார்க் சொல்லும்போது நாக்கைக் கடியுங்கள்

ஒவ்வொரு ஸ்கூலும் ஒவ்வொரு விதமாக மார்க் போடும். யு.பி.யில் 1.0 உச்சம், 'ஊனோ'. 3.0 பாஸ், 'த்ரெஸ்'. 5.0 ஃபெயில், 'சிங்கோ'. எண்கள் ஸ்பானிய மொழியில் இருந்து வந்தவை. லா சாலில் நேர்மாறு: 4.0 உச்சம், 0.0 ஃபெயில். அத்தெனியோவில் எழுத்துகளும் கியூ.பி.ஐ. என்ற சராசரியும். லா சாலில் படித்த நம் ஊர்ப் பெண் ஒருத்தி, யு.பி. தோழியிடம் "கணக்கில் 4.0 வாங்கினேன்" என்று குதித்தாள். தோழி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதே, மறுபரீட்சை எழுதினால் தேறிவிடலாம்" என்றாளாம். யு.பி.யில் 4.0 என்றால் தொங்கலில் நிற்கிற மார்க்.

இன்னொன்று: லா சாலில் வருஷத்துக்கு மூன்று டெர்ம். மற்றவர்கள் செமஸ்டர் நடுவில் தூங்கி வழியும்போது அவர்களுக்குப் பரீட்சை வந்துவிடும். விடுமுறைத் திட்டம் போடும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது: வளாகத்தில் நடக்கும் முறை

யு.எஸ்.டி.யில் நூற்றாண்டுகளின் வளைவு என்று ஒரு பழைய கல் வாசல் இருக்கிறது. முதலாண்டு மாணவர்கள் கூட்டமாக அதன் வழியே உள்ளே நடந்து வருவார்கள். பட்டம் வாங்கும்போது அதே வழியே வெளியே போவார்கள். நடுவில் அதன் வழியே வெளியே போனால் பட்டம் கிடைக்காது என்று நம்பிக்கை. யு.பி.யில் கில்லெர்மோ தோலெந்தினோ செதுக்கிய ஓப்லேஷன் சிலை, கை விரித்து நிற்கும் ஆள். படிப்பு முடியும் முன் அதனோடு படம் எடுத்தால் படிப்பு இழுத்துக்கொண்டே போகும் என்பார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் சுற்றித்தான் போவார்கள். நானும் சுற்றியே போனேன், எதற்கு வம்பு.

டிலிமான் பெரிய வளாகம், நடந்து மாளாது. உள்ளே சுற்றிவர இகோட் என்ற ஜீப்னி இருக்கிறது. இகோட் என்றால் சுற்று. எதிர்த்திசையில் சுற்றும் வண்டிக்கு அதே சொல்லைத் திருப்பி எழுதி தோகி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறியதும் காசை முன்னால் இருப்பவரிடம் நீட்டி "பாயட் போ" என்று சொன்னால் போதும். கை மாறிக் கை மாறி ஓட்டுநரிடம் போகும், சில்லறை அதே வழியில் திரும்பி வரும். இறங்க "பாரா போ". அந்த 'போ' மரியாதைச் சொல். நம் 'ங்க' மாதிரி, பெரியவர்களிடம் ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒட்டுங்கள். மூத்த மாணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள்: அண்ணன் 'குயா', அக்கா 'ஆத்தே'. முதல் நாள் ஆத்தே என்று கூப்பிட எனக்குச் சிரிப்பு வந்தது, பயந்துபோய்க் கத்துகிற மாதிரி இருந்தது. இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

எஸ்பான்யா, ரெக்டோ, மெந்தியோலா சுற்றிய பகுதிக்கு யு-பெல்ட் என்று பெயர், கல்லூரிகள் நெருக்கியடித்து நிற்கும். அங்கே பல ஸ்கூல்களில் சீருடை உண்டு. வாரத்தில் ஒரு நாள் 'வாஷ் டே', அன்று சொந்த உடுப்பு. மழைக்காலத்தில் எஸ்பான்யா சாலையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பது வாடிக்கை. புயல் நாளில் காலையில் எழுந்ததும் "வாலாங் பாசோக்" அறிவிப்பு வந்ததா என்று பாருங்கள். இன்று வகுப்பு இல்லை என்று அர்த்தம். அந்த ஒரு நாள் எட்டு நிறமும் ஒரே கட்சி.

கேலி எங்கே நிற்கிறது

அத்தெனியோ, லா சால் பிள்ளைகளைக் கிண்டல் செய்ய ஊரே சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "லெட்ஸ் மேக் துசோக்-துசோக் த ஃபிஷ்பால்." தெருவோர ஃபிஷ்பாலைக் குச்சியில் குத்தித் தின்னக்கூட இவர்களுக்கு ஆங்கிலம் வேண்டும் என்று நக்கல். யு.பி.க்காரன் என்றால் எப்போதும் ஊர்வலத்தில் இருப்பான் என்பது எதிர்க்கிண்டல். அதற்கு வரலாறு இருக்கிறது: 1971 பிப்ரவரியில் மாணவர்கள் தடுப்பு வைத்து டிலிமான் வளாகத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள், டிலிமான் கம்யூன் என்று பெயர். இந்தக் கேலிகளில் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். உங்களைக் கேலி செய்ய ஆரம்பித்தால், சேர்த்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

ஆனால் பெரிய நான்கின் பெயரைச் சொல்லி யு-பெல்ட்டின் சின்னக் கல்லூரி மாணவனை மட்டம் தட்டாதீர்கள். நிஜமான பிளவு நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் இல்லை, ஃபீஸ் கட்ட முடிந்தவனுக்கும் முடியாதவனுக்கும் நடுவில் இருக்கிறது. 2017ல் வந்த சட்டம் அரசுக் கல்லூரிகளில் உள்நாட்டு இளநிலை மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை நீக்கியது. ஆனாலும் யு.பி. நுழைவுத் தேர்வான யுப்கேட்டில் தவறியதைப் பத்து வருஷம் கழித்தும் மறக்காதவர்களைப் பார்த்திருக்கிறேன். "யுப்கேட் பாஸ் பண்ணியா?" என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள்.

அப்புறம் ஃப்ராட் என்கிற சகோதரக் கழகங்கள். சாதாரண மாணவர் சங்கங்களை 'ஆர்க்' என்பார்கள். அவற்றில் தாராளமாகச் சேருங்கள், அவற்றின் தம்பாயான் என்ற மூலையில் உட்கார்ந்தே பாதி தகாலோக் கற்றுக்கொள்ளலாம். ஃப்ராட் வேறு. செல்வாக்கு பெரிது: சர்வாதிகாரி மார்க்கோஸும் அவரை எதிர்த்த நினோய் அகினோவும் யு.பி.யின் ஒரே ஃப்ராட்டைச் சேர்ந்தவர்கள். ஆனால் சேர்க்கைச் சடங்கு என்ற பெயரில் அடித்து உயிர் போன சம்பவங்கள் பல. 1995லேயே அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் வந்தது, அதன் பிறகும் சாவு நிற்காமல் 2018ல் அதைக் கடுமையாக்கினார்கள். யாராவது தனியாகக் கூப்பிட்டு "ரகசியமாக வை, ராத்திரி வா" என்றால், போகாதீர்கள். மரியாதைக்காகக்கூடப் போகாதீர்கள்.

திரும்பி வரும் வழி

அரனெட்டாவில் ஆட்டம் முடிந்தால் கூட்டம் மொத்தமும் குபாவ் ரயில் நிலையத்துக்குத்தான் வரும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று போகும்போதே பார்த்துவையுங்கள். லா சால்காரர்கள் லைன் 2ல் மேற்கே ரெக்டோ வரை போய், நடைபாலம் வழியே லைன் 1க்கு மாறி, வீடோ குரூஸில் இறங்குவார்கள். யு.எஸ்.டி., எஃப்.இ.யு. பக்கம் போகிறவர்களும் அதே திசைதான். கிழக்கே இரண்டாவது நிறுத்தம் காத்திபூனன். அத்தெனியோவும் யு.பி.யும் மோதிய இரவுகளில் அந்தப் பெட்டியில் நீலமும் மெரூனும் தோள் உரசிக்கொண்டு நிற்கும். ஜெயித்தவன் பாட்டை முனகுவான், தோற்றவன் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு போனைப் பார்ப்பான். இரண்டு பேரும் ஒரே நிலையத்தில் இறங்கி, ஒரே வண்டிக்காரனிடம் ஃபிஷ்பால் வாங்க வரிசையில் நிற்பார்கள். சாஸில் காரம் வேண்டும் என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இனிப்புச் சாஸை ஊற்றிவிடுவார்.